குயவன் கழுதையும் நக்ஷத்திர ஜனனமும்

காஞ்சியிலிருந்து செவிலிமேட்டுப் பாலத்தின் வழியே பாலாற்றைக் கடந்து, தூசி கிராமத்தைத் தாண்டிச் சென்றால் வரும் ஐயங்கார்குளம் என்னும் சிற்றூரில், விஜயநகர மன்னர்களின் ஆதரவு பெற்று விளங்கிய லக்ஷ்மீகுமார தாதாசாரியார் வெட்டுவித்ததாகக் கூறப்படும் பேரேரியும், அதன் கரையில் அவர் எடுப்பித்த சஞ்சீவிராயர் கோயிலும், அவற்றினருகே பூமிக்குள் படிப்படியாய் இறங்கிச் செல்லும் நடவாவி என்ற கிணறும் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதியும் அந்தக் கிணற்றில் நீர் நிறைந்து நிற்பதால், வாயில் தோரணமும் மேற்படிகள் சிலவும் அன்றி வேறொன்றும் காண்பார் கண்ணுக்குப் புலனாவதில்லை. சித்திரைப் பௌர்ணமி நெருங்கும்போது நீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள். அதன் பின்னரே அடியிலுள்ள தூண்களும் மண்டபமும் வெளிப்படுகின்றன. அத்திருநாளில் காஞ்சி வரதராஜப் பெருமாள் அந்த மண்டபத்தினுள் எழுந்தருளுகிறார்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கையில், தாய்மாமனின் கையைப் பற்றிக்கொண்டு பாசி வழுக்கும் அந்தப் படிகளில் முதன்முறையாக இறங்கினேன். தை மாதத்தில் வெறும் நீராகக் கண்டிருந்த இடத்தில் தீவட்டி வெளிச்சத்தில் கற்றூண்கள் நிற்கக் கண்டு, "மாமா, இதை எப்போ கட்டினா?" என்று கேட்டேன். "கட்டலைடா. தண்ணி போச்சு, அவ்வளவுதான்" என்றார் அவர். அந்த விடை அன்றைக்கு எனக்குப் போதுமானதாயிருந்தது. பின்னாளில், ஒரு பொருள் பிறந்தது என்று சொல்வதற்கும் வெளிப்பட்டது என்று சொல்வதற்கும் இடையிலுள்ள பேதத்தை முன்னிட்டு நம் தேசத்துத் தார்க்கிகர்கள் நூற்றாண்டுகளாய் வாதம் புரிந்திருக்கிறார்கள் என்பதையும், காரியமானது காரணத்துள் முன்னமே சூக்ஷ்மமாய் உளது என்னும் சத்காரியவாதமும், இல்லாதிருந்தது புதிதாய் உண்டாகிறது என்னும் அசத்காரியவாதமும் ஒன்றையொன்று விடாமல் துரத்திவந்தன என்பதையும் அறிந்தபோதுதான், மாமாவின் விடை எவ்வளவு பெரிய பக்ஷத்தில் போய்ச் சேர்ந்திருந்தது என்று விளங்கிற்று.

அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கசங்கிரகத்தை எனக்குப் பாடம் சொன்னவரும் அவரே. காரணம் என்பதற்கு நியாயசாஸ்திரம் கூறும் இலக்கணம், கேட்பதற்கு எளியது. காரியத்துக்கு முன் தவறாமல் இருப்பதாயும், அதே வேளையில் அந்யதாசித்தம் ஆகாததாயும் உள்ளதெதுவோ அதுவே காரணம். குடம் ஒன்று உண்டாவதற்கு மண் உபாதான காரணம். குயவன் நிமித்த காரணம். சக்கரமும் தண்டமும் சகாயமாய் நிற்பவை. ஆனால் அந்த மண்ணைக் குளக்கரையிலிருந்து முதுகில் சுமந்து வந்த கழுதை ஒன்று உண்டே, அதன் கதி என்ன? இந்தக் குடத்துக்கு முன்னே அது இருந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அக்கழுதை இல்லாவிடில் வண்டியில் வந்திருக்கும், அல்லது குயவன் மனைவி கூடையில் சுமந்து வந்திருப்பாள். ஆகவே கழுதை அந்யதாசித்தம், காரணக் கணக்கில் சேராது என்பது சாஸ்திரத்தின் தீர்ப்பு. "சுமந்தது வாஸ்தவந்தானே மாமா? அப்புறம் ஏன் அது காரணம் ஆகாது?" என்று நான் கழுதைக்காகப் பரிந்து பேசியதும், "அது இல்லாமலும் குடம் ஆயிருக்குமாங்கறதுதான் கேள்வி, அது உழைச்சுதாங்கறது கேள்வியில்லை" என்று அவர் திருத்தியதும் நன்றாக நினைவிருக்கின்றன.

இந்தப் பழைய பாடம், நக்ஷத்திரங்கள் பிறக்கும் விதத்தைப் பற்றி இக்காலத்து வானசாஸ்திரிகள் எழுதிய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கையில் எதிர்பாராத விதமாய் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது.

நம் கண்ணுக்கு வெற்றிடமாய்த் தோன்றும் ஆகாயப் பிரதேசங்கள் பலவற்றில், ஹைட்ரஜன் வாயுவும் அதனோடு கலந்த நுண்ணிய தூளியும் திரண்ட மேகங்கள் மிதக்கின்றன. அவற்றின் உட்பகுதி பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 260 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தது. அக்குளிர்ச்சியில்தான் வாயு தன் பாரத்தாலேயே சுருங்கி நக்ஷத்திரமாகக்கூடும். விந்தை என்னவென்றால், பிறப்பு நிகழும் அந்த அறையையே தூளியானது திரையிட்டு மூடிவிடுகிறது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி அதை ஊடுருவ வல்லதன்று. சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்புக் கிரணங்களோ, அலைநீளம் மிகுந்தவை ஆகையால் பெருமளவு தடையின்றி வெளியேறுகின்றன. மேலும், உள்ளே பிறந்த சிசுவின் வெப்பத்தைத் தூளியே உட்கொண்டு அகச்சிவப்பாகத் திருப்பி உமிழ்கிறது. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், பட்டகத்தால் பிரித்த சூரிய ஒளியில் சிவப்பு முடியுமிடத்துக்கு அப்பால், ஒன்றும் தெரியாத இருட்டில் ஒரு வெப்பமானியை வைத்தார். அதில் பாதரசம் ஏறக் கண்டார். அப்போது தூளியின் இருட்டுக்குள் நுழையும் வழியொன்றைத் தாம் திறந்துவிட்டதை அவரே அறிந்திருக்கமாட்டார். ஆகாயத்திலுள்ள கரிய இடங்களை ஓட்டைகள் என்று அவர் எண்ணியதாகச் சொல்வார்கள்.

நடவாவியிலிருந்து நீரை இறைப்பது எத்தகையதோ அத்தகையதே அகச்சிவப்பால் பார்ப்பதும். அது ஒன்றையும் உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. நம்மவர் இதனை ஞாபக ஹேது என்பர். இருட்டறையில் குடத்தைக் காட்டும் விளக்கு அதற்கு உதாரணம். குடத்தை ஆக்கும் குயவனோ காரக ஹேது. விளக்கையும் குயவனையும் குழப்பிக்கொள்ளாதவரையில் தொல்லை இல்லை. தொல்லையெல்லாம் குயவன் யார் என்று தேடப் புகும்போதே ஆரம்பிக்கிறது.

மேகம் தானே சுருங்கி நக்ஷத்திரமாதல் உண்டு. அன்றி, அருகே முன்பே பிறந்த பெரு நக்ஷத்திரம் ஒன்று தன் உக்கிரமான புறஊதாக் கிரணங்களால் மேகத்தின் விளிம்பைச் சுட்டு, அங்குள்ள வாயுவைப் பதினாயிரம் பாகை அளவுக்குக் காய்ச்ச, அவ்வாறு கொதித்த விளிம்பு வெளிப்புறமாய்ப் பீறிடுகையில் அதன் எதிர்விசை உட்புறமாய் ஓர் அதிர்ச்சியலையைச் செலுத்தி, ஒருவேளை என்றென்றும் சும்மா கிடந்திருக்கக்கூடிய கருவொன்றை நெருக்கிப் பிசைந்து சுருங்கச் செய்தலும் உண்டு என்று சொல்லப்படுகிறது. ஒரு தலைமுறை நக்ஷத்திரங்கள் அடுத்த தலைமுறையைத் தூண்டிவிடும் இந்தத் தொடர்ச்சியை 1977இல் புரூஸ் எல்மெக்ரீன், சார்லஸ் லாடா ஆகிய இருவரும் ஒரு கொள்கையாக வகுத்தார்கள். 1983இல் ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் வானம் முழுவதையும் அகச்சிவப்பில் துழாவிப் பார்த்தது. அதன் பட்டியலைக் கொண்டு, ஒளிரும் விளிம்பும் உள்ளே வெப்பமூலமும் உடைய மேகங்களைச் சுகிதானி, ஃபுகுய், ஒகுரா என்ற ஜப்பானியர் மூவர் தேடினர். 1991இல் வடவானத்தில் 44ஐ அறிவித்தனர். பின்னர் 1994இல் தென்வானத்திலிருந்தும் 45 சேர்ந்து, ஆக 89 மேகங்கள் ஆயின. மூவர் பெயரின் முதலெழுத்துக்களாலேயே எஸ்.எஃப்.ஓ. என்று அவை எண்ணிடப்பட்டுள்ளன.

அவற்றுள் 38ஆம் எண்ணுடைய மேகம் நமக்கு வேண்டியது. இத்துறையில் நம் நாட்டார் உழைப்பும் சிறிதன்று. பாலாறு காஞ்சியை அடையுமுன் வாணியம்பாடியருகே எந்த ஜவ்வாது மலையின் அடிவாரத்தைத் தொட்டு வருகிறதோ, அம்மலைமேல் காவலூரில் வைணு பாப்பு நிறுவிய வானாய்வகம் இருக்கிறது. அவர் காலத்துக்குப்பின் 1986இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயரே இடப்பட்டது. ஆனால் அகச்சிவப்புக்கு ஈரக்காற்று சத்துரு. நீராவி அக்கிரணங்களை விழுங்கிவிடும். எனவேதான் டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஒரு மீட்டர் ஆடியுடைய தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து பெரிய பலூனில் கட்டி முப்பது கிலோமீட்டருக்கும் மேலே அனுப்பி, நக்ஷத்திரம் பிறக்கும் மேகங்களைத் தொலை அகச்சிவப்பில் படமெடுத்தார்கள். எனவேதான் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிலையத்தார், 4,500 மீட்டர் உயரத்தில் லடாக்கின் ஹன்லே பாலைநிலத்தில் 2 மீட்டர் தொலைநோக்கியை நிறுத்தி, அதற்கு நம் வானியற்பியலாளர் சந்திரசேகரின் பெயரையும் சூட்டி, ஹோஸகோட்டேயில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் வழியே அதனை இயக்குகிறார்கள்.

2010இல் ரும்பா சௌத்ரி, பாஸ்வதி மூகர்ஜியா, எச்.சி. பட் ஆகிய மூவரும், ஸ்பிட்சர் விண்கலத்தின் அகச்சிவப்புப் படங்களையும் பூமியிலிருந்து எடுத்த ஒளிப்படங்களையும் நிறமாலைகளையும் சேர்த்து, இந்த 38ஆம் மேகத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அம்மேகம், செபியஸ் என்னும் வடதிசை மண்டலத்தில், ஐ.சி. 1396 என்ற ஒளிர்வாயுப் பரப்பினுள், ஏறத்தாழ 3,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. (அந்தப் பரப்பின் ஓரத்திலேயே மாதுளம்பரல் நிறத்தில் ஒரு நக்ஷத்திரம் தெரியும், அந்நிறத்தை வியந்து குறித்து வைத்தவரும் அதே ஹெர்ஷல்.) மேகத்தினுள் சுமார் 45 இளம் நக்ஷத்திரங்களை அவர்கள் இனங்கண்டார்கள், ஒளியில் புலப்பட்டவற்றின் வயது 10 லட்சம் ஆண்டு முதல் 80 லட்சம் ஆண்டு வரை பரவி, நடுமதிப்பு 30 லட்சமாய் நின்றது. சற்று முதிர்ந்தவை பெரும்பாலும் எரிகின்ற விளிம்பருகேயும், மிக இளையவை மேகத்தின் அடர்ந்த மையத்திலும் இருக்கக் கண்டார்கள். அடுப்பண்டை உள்ள இட்டலி முதலில் வெந்ததுபோல, தீயண்டை உள்ளவை முதலில் பிறந்தன. அலை உள்ளே செல்லச் செல்ல மற்றவை பின்னர்ப் பிறந்தன என்று கொள்ள இது இடந்தருகிறது. இன்னும் ஒரு விசேஷம்: அந்தக் குழந்தைகள் ஒரே வரிசையில் நிற்கவில்லை. ஒரு வரிசை எச்.டி. 206267 என்ற பெரு நக்ஷத்திரத்தை நோக்கியும், மற்றொன்று எச்.டி. 206773 என்ற வேறொன்றை நோக்கியும் இருந்தன.

இதுவரை கேட்ட எவரும், குயவன் அகப்பட்டான் என்றே சொல்வார். ஆனால் கழுதையை மறக்கலாகாது. அந்தப் பெருந்தீ இல்லாமலே இக்கருக்கள் சில லட்சம் ஆண்டு தாமதித்து நக்ஷத்திரமாகியிருக்கமாட்டா என்று யார் உறுதி கூறுவது? 1995இல் ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்களை உலகமே கண்டு வியந்தது. அவற்றின் மேற்புறத்தில் புடைத்து நின்ற சிறு வாயுக்கட்டிகள் ஒவ்வொன்றிலும் ஒரு நக்ஷத்திரம் உருவாகிறதென்று பலர் எண்ணியிருந்தார்கள்; 2002இல் மெக்காரியன், ஆண்டர்சன் இருவரும் அகச்சிவப்பால் திரைநீக்கிப் பார்க்கையில், 73 கட்டிகளுள் 11இல் மட்டுமே சிசு இருப்பதற்கான அடையாளம் தெரிந்தது. மேகத்தை நெருக்கும் அதே தீ மேகத்தைக் கரைத்தழிக்கவும் செய்கிறது. பிறப்பித்தது எத்தனை, பிறவாமல் கெடுத்தது எத்தனை என்று கணக்குத் தீர்ப்பது எளிதன்று. பின்னர் 2015இல் ஜேம்ஸ் டேல் முதலான மூவர், கணினியில் ஒரே மேகத்தை ஒருமுறை தீயுடனும் ஒருமுறை தீயின்றியும் ஓடவிட்டு ஒப்பிட்டு, எந்த நக்ஷத்திரம் உண்மையாகவே தூண்டப்பட்டது என்பதை இந்த இடத்தில் இருக்கிறது, இந்த விளிம்பருகே நிற்கிறது என்னும் அடையாளங்களால் நம்பிக்கையாய்ச் சொல்ல இயலாது என்று எச்சரித்தார்கள். தீயின்றியே பிறந்திருக்கக்கூடியவையும் தூணின் நுனியில் நிற்கின்றன. தூண்டப்பட்டவையும் எங்கெங்கோ அலைந்து போகின்றன. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நாம் சொல்லும் காகதாளீய நியாயம் இதுவே. கணினியில் உலகத்தை இருமுறை ஓட்டலாம். வானத்தில் இயலாது.

இவ்விடத்தில்தான் காஞ்சியின் வேதாந்தம் எனக்குக் கைகொடுக்கிறது. காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268இல் அவதரித்த வேதாந்த தேசிகர், ஜீவன் செய்யும் பிரபத்தி என்னும் சரணாகதியானது பகவானுடைய கிருபைக்குக் காரணமா என்ற கேள்விக்கு, கிருபையே முன்னமே சித்தமாயுள்ள உபாயமாகிய சித்தோபாயம், பிரபத்தி அதற்கு ஒரு வியாஜமே என்று விடை கூறினார். வியாஜம் என்பது, கொடுக்கச் சித்தமாய் இருப்பவன் கொடுப்பதற்கு எடுத்துக்கொள்ளும் சாக்கு. அது பொருளை உண்டாக்குவதன்று, தடையை நீக்குவது, அது இல்லாவிடில் இன்று நிகழ்வது நிகழாதிருக்கும். பிள்ளை லோகாசாரியரின் வழிவந்தோரோ, அந்தச் சாக்குக்கூட வேண்டியதில்லை, கிருபை நிர்ஹேதுகம் என்றனர். தாய்க்குரங்கின் வயிற்றைக் குட்டி தானே பற்றிக்கொள்ளும் மர்க்கட நியாயம் ஒரு புறம். தாய்ப்பூனை வாயால் கவ்விச் செல்லக் குட்டி வாளா கிடக்கும் மார்ஜார நியாயம் மறுபுறம். சஞ்சீவிராயர் கோயில் மதிலில் தாவித்திரியும் குரங்குகளையும், அவற்றின் வயிற்றில் தொங்கும் குட்டிகளையும் காணும்போதெல்லாம், இவ்வளவு சிறிய கையின் பிடிக்காகவா இத்தனை வாதம் என்று எண்ணி நகைத்திருக்கிறேன். அக்குட்டி பற்றுகிறது, ஆயினும் அதனை மதில்மேல் கொண்டு ஏற்றுவது தாயின் பாய்ச்சலேயன்றிக் குட்டியின் பிடியன்று.

மேகத்தினுள் நக்ஷத்திரம் ஆகவேண்டிய பாரமும் குளிர்ச்சியும் முன்னமே உள்ளன. ஈர்ப்பு எப்பொழுதும் சித்தமாய் நிற்கிறது. வெளித்தீ வந்து தருவது ஒரு நெருக்கம். அதனைக் குயவன் என்பது மிகை. கழுதை என்பது குறை. வியாஜம் என்னும் சொல்லே இவ்விரண்டுக்கும் நடுவே பொருந்தி அமர்கிறது. இதனால், நம் பெரியோர் நக்ஷத்திர ஜனனத்தை அன்றே அறிந்திருந்தனர் என்று சொல்ல வந்தேனல்லேன். அப்படிச் சொல்லித் திரிவோரால் சாஸ்திரத்துக்கும் கெடுதி, விஞ்ஞானத்துக்கும் கெடுதி. அவர்கள் அறிந்திருந்தது வேறு. காரணம் என்ற ஒரு சொல்லில் எத்தனை சொற்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை அறிந்திருந்தார்கள்.

உவமானம் முறியும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். வியாஜம் என்றால் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். அவனுக்கு மனம் வேண்டும். மேகம் ஜடம், ஈர்ப்பும் ஜடம், ஜடத்துக்குச் சாக்கு ஏது? விசிஷ்டாத்வைதி இதற்கு அஞ்சமாட்டார். ஜடமெல்லாம் அவனுக்குச் சரீரம், உபாதானமும் நிமித்தமும் சகாயமும் ஆகிய மூன்றும் பிரம்மமே என்பார். எனக்கு அவ்வளவு துணிவில்லை. அவ்விடையில் எல்லாம் அடங்கிவிடுவதால், இந்த நக்ஷத்திரம் தூண்டப்பட்டதா, அந்த நக்ஷத்திரம் தானே பிறந்ததா என்னும் பேதமும் அடங்கி மறைந்துவிடுகிறது. நான் கேட்டதோ அந்தப் பேதத்தை.

வானசாஸ்திரி இந்தச் சங்கடத்திலிருந்து விடுபட ஒரு வழி வைத்திருக்கிறார். தனி நக்ஷத்திரத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறார். விளிம்பருகே நக்ஷத்திரங்கள் மிகுதியா, வயது வரிசையாய்க் குறைகிறதா என்று நோக்கினால், இன்ன நக்ஷத்திரத்துக்கு இன்னது காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், கூட்டத்துக்கு ஒரு காரணம் சொல்லலாம். காஞ்சியிலிருந்து தொலைவில் இல்லாத உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் விதித்தபடி, ஊர்ச்சபைக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். குடும்பு என்னும் ஊர்ப்பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வருவது நியமம். அந்த ஒருவர் இன்னாராய் இருப்பதற்குச் சிறுவனின் விரல் ஒரு வியாஜம். சபைக்கு அது போதும். பெயர் வராதவன் வீட்டுக்குப் போய், ஏன் எனக்கு இல்லை என்று கேட்டால், அவனுக்குச் சொல்ல அந்தக் கல்வெட்டில் ஒரு வரியும் இல்லை.

சமயமோ அந்த வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். கிருபைக்காகக் கைகூப்பி நிற்பவன் கூட்டமாய் நிற்பதில்லை. தனியொருவனாய், என்னை ஏன் என்றே கேட்கிறான். நூற்றுக்கு இத்தனை ஆத்மாக்கள் கரையேறுகின்றன என்னும் கணக்கு அவனுக்கு ஆறுதலாகாது. ஆகவே, வானசாஸ்திரி கௌரவமாக நிறுத்திக்கொள்ளக்கூடிய இடத்தில் வேதாந்தி நிறுத்திக்கொள்ள முடிவதில்லை; அவர் வாதங்கள் அத்தனை நீண்டதற்கும், கடைசியில் குரங்குக்குட்டி பூனைக்குட்டி என்ற உவமைகளில் வந்து நின்றதற்கும், புத்திக்குறைவு காரணமன்று என்று இப்போது எண்ணுகிறேன்.

சென்ற சித்திரைப் பௌர்ணமியன்று, பெருமாள் நடவாவியை விட்டுப் பாலாற்றை நோக்கிப் புறப்பட்ட பின், எண்பதைக் கடந்த மாமாவும் நானும் ஏரிக்கரையில் சற்று அமர்ந்திருந்தோம். நள்ளிரவு கடந்திருந்தது, நிலவு மேற்கே சாயத் தொடங்கியிருந்தது. வடகிழக்கில் செபியஸ் மண்டலம் ஏறியிருக்க வேண்டும். நிலவொளியில் அங்கே ஒன்றும் தெரியவில்லை. தெரியாத அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி, 38ஆம் மேகத்தையும், இரு வரிசையாய் நிற்கும் குழந்தைகளையும், அவை நோக்கும் இரண்டு பெரு நக்ஷத்திரங்களையும் பற்றி அவருக்குச் சொன்னேன்.

"ரெண்டு குயவனா, ரெண்டு கழுதையா?" என்றார்.

"அதைத்தான் பார்த்துண்டிருக்கா, மாமா."

"பார்க்கட்டும்" என்று சொல்லி, என் தோளைப் பற்றி எழுந்து, கிணற்றடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். இறைக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டிருந்தார்கள். கீழே மண்டபத்தின் தளத்தில் ஊற்றுநீர் கணுக்கால் அளவுக்கு ஏறி, எவரோ விட்டுப்போன துளசிச்சரம் ஒன்று அதில் மிதந்துகொண்டிருந்தது.